பாதரச எதிர்மின்வாய்: எரிசோடா ஆலைக் கழிவின் வரலாறு

உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் தயாரிக்கும் தொழிலில், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் பயன்பட்டது பாதரச எதிர்மின்வாய். சோப்பு, காகிதம், ரேயான் நூல், அலுமினியம், குடிநீர்ச் சுத்திகரிப்பு, பி.வி.சி. குழாய் என அன்றாட வாழ்வின் பல பொருள்களுக்குப் பின்னால் இந்தத் தொழில் இருக்கிறது. மற்ற மின்வாய்கள் திண்மப் பொருள்கள். தேய்ந்து போனால் கண்ணுக்குத் தெரியும். கழற்றி எடுத்துப் பீப்பாயில் அடைத்து வைக்கலாம். பாதரசமோ நீர்மம். அது தேய்வதில்லை, கசியும், ஆவியாகும், சேற்றோடு கலந்து வெளியேறும். குறைந்த அளவுக்குப் புதிதாக வாங்கி ஊற்றினால் ஆலை தொடர்ந்து ஓடும். ஆகவே பயன்படுத்திய மின்வாயை என்ன செய்வது என்ற கேள்வியே இத்தொழிலில் வெகுகாலம் எழவில்லை. ஆலைகளை மூடும் காலம் வந்தபோது, ஒவ்வொன்றிலும் பல டன் முதல் நூற்றுக்கணக்கான டன் வரை பாதரசம் தேங்கி நின்றது. அதைப் போல இன்னொரு பங்கு எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருந்தது.

தோற்றம்

இம்முறையை 1892ஆம் ஆண்டில் இருவர் தனித்தனியே கண்டறிந்தனர். ஒருவர் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பணிபுரிந்த ஹாமில்டன் காஸ்ட்னர். மற்றவர் ஆஸ்திரிய நாட்டவரான கார்ல் கெல்னர். காஸ்ட்னருக்கு இதில் நோக்கம் வேறாக இருந்தது. சோடியம் உலோகத்தை மலிவாகத் தயாரித்து, அதைக் கொண்டு அலுமினியம் பிரிக்கும் ஆலையை அவர் பர்மிங்காம் அருகிலுள்ள ஓல்ட்பரியில் தொடங்கியிருந்தார். 1886இல் ஹால், ஹெரௌல்ட் ஆகியோர் கண்டறிந்த மின்னாற்பகுப்பு முறை பரவியதும், சோடியத்தின் வழியாக அலுமினியம் தயாரிப்பது கட்டுப்படியாகாமல் போயிற்று. சோடியத்துக்கு வேறு பயன்களைத் தேடிய காஸ்ட்னர், அதைத் தயாரிக்கத் தூய எரிசோடா வேண்டும் என்பதையும், சந்தையில் கிடைத்த எரிசோடா போதிய தூய்மையுடன் இல்லை என்பதையும் கண்டார். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே பாதரசக் கலம்.

காப்புரிமைக்காக வழக்காடிக் காலத்தைக் கழிக்காமல் இருவரும் உடன்பாட்டுக்கு வந்தனர். 1895இல் காஸ்ட்னர்-கெல்னர் நிறுவனம் உருவாயிற்று. இங்கிலாந்தில் ரன்கார்ன் நகரையொட்டிய வெஸ்டன் பாயிண்டில் அதன் ஆலை 1897 முதல் இயங்கியது. காஸ்ட்னர் 1899இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 41. அவர் அமைத்த கலம் தொட்டில் போல மெல்ல ஆடும் ஒரு தொட்டி. ஆட்டத்தில் பாதரசம் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஓடித் திரும்பி வரும்.

கலம் இயங்கிய விதம்

பிற்காலக் கலங்கள் ஆடவில்லை. சற்றே சாய்வாக வைத்த நீண்ட எஃகுத் தொட்டியின் அடியில் பாதரசம் மெல்லிய படலமாக ஓடும். அதன்மேல் அடர்ந்த உப்புக் கரைசல் ஓடும். கரைசலுக்குள் மேலிருந்து கிராபைட் நேர்மின்வாய்கள் தொங்கும். அவற்றுக்கும் பாதரசப் பரப்புக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மின்சாரம் பாயும்போது நேர்மின்வாயில் குளோரின் வாயு வெளிப்படும். எதிர்மின்வாயில் சோடியம் பிரிந்து உடனே பாதரசத்தில் கரைந்து இரசக்கலவையாகும்.

இரும்பு எதிர்மின்வாயாக இருந்தால் அங்கே ஹைட்ரஜன்தான் வெளிப்படும். பாதரசப் பரப்பில் ஹைட்ரஜன் வெளிப்பட மிகுந்த மின்னழுத்தம் தேவைப்படுவதால், அதை முந்திக்கொண்டு சோடியம் பிரிகிறது. இந்த ஒரு பண்புக்காகவே இவ்வளவு விலையுயர்ந்த, நச்சுள்ள உலோகத்தைத் தொழிலதிபர்கள் டன் கணக்கில் வாங்கினர். இரசக்கலவை அடுத்த கலனுக்குச் சென்று நீருடன் வினைபுரியும். எரிசோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். சோடியத்தை இழந்த பாதரசம் எக்கியின் வழியே மீண்டும் தொட்டிக்குத் திரும்பும்.

இவ்வாறு கிடைக்கும் எரிசோடா 50 விழுக்காடு செறிவுடையது. உப்புக் கலப்பு மிகக் குறைவு. போட்டியாக இருந்த கல்நார் இடைத்திரை முறையில் நீர்த்த, உப்புக் கலந்த எரிசோடாவே கிடைத்தது. அதைக் காய்ச்சிச் செறிவாக்க வேண்டும். ரேயான் ஆலைகளுக்கு உப்புக் கலவாத சரக்கு தேவை என்பதால் பாதரச முறைக்கு மதிப்பு நிலைத்தது.

கணக்கில் வராத பாதரசம்

வேதியியல் பாடத்தின்படி இச்சுழற்சியில் பாதரசம் செலவாவதே இல்லை. எவ்வளவு ஊற்றினோமோ அவ்வளவும் திரும்பி வரவேண்டும். ஆனால் ஆலைக் கணக்கேடுகளில் ‘பாதரச நுகர்வு’ என்று ஒரு வரி எப்போதும் இருந்தது. ஆண்டுதோறும் புதிதாக வாங்கி ஊற்றிய அளவுதான் அது. இழப்பு என்று எழுத வேண்டியதை நுகர்வு என்று எழுதியதில், நிலக்கரியையும் உப்பையும் போலப் பாதரசமும் ஒரு கச்சாப்பொருளாகிவிட்டது. அது எங்கே போயிற்று என்று கேட்கும் அவசியமும் மறைந்தது.

போன வழிகள் பல. உப்புக் கரைசலைத் தூய்மையாக்கும்போது வடிகட்டியில் தங்கும் சேறு முதல் வழி. கலங்களைத் திறந்து கழுவும் நீர் இரண்டாவது. ஹைட்ரஜனோடும், கலக்கூடத்தின் காற்றோடும் வெளியேறும் ஆவி மூன்றாவது. எக்கிகளிலும் இணைப்புகளிலும் சிந்திய துளிகள் தரையின் விரிசல்களில் இறங்கிக் கற்காரையில் ஊறின. பாதரசத்தின் அடர்த்தி நீரைப்போல் 13.6 மடங்கு. ஆகவே சிறு விரிசலிலும் அது தன் எடையாலேயே கீழிறங்கும். விற்பனைக்குச் சென்ற எரிசோடாவிலும் சிறிதளவு கலந்திருந்தது.

அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபாயகரமான கழிவுகளின் பட்டியல் 1980இல் வெளிவந்தபோது, பாதரசக் கலத்தின் உப்புச் சேற்றுக்குக் கே071 என்றும், கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சேற்றுக்குக் கே106 என்றும் தனி எண்கள் தரப்பட்டன. பட்டியலிட்டும் கணக்கு நேராகவில்லை. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் பாதரசக் கல ஆலைகள் வாங்கி ஊற்றியதில் சுமார் 65 டன் எங்கே சென்றது என்று சொல்ல முடியவில்லை என, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2003இல் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலைகள் மிகக் கடுமையாகக் கண்காணிக்கப்படும் நாடுகளில் ஒன்றின் நிலை இது.

கிராபைட் நேர்மின்வாயின் கழிவு

எல்லோருடைய கண்ணும் பாதரசத்தின் மேல் இருந்தபோது, எதிரே தொங்கிய கிராபைட் கட்டிகள் கவனம் பெறவில்லை. அவை தேயும். தேயத் தேய இடைவெளி கூடி மின்செலவு ஏறும் என்பதால் தொழிலாளர்கள் அவற்றை அடிக்கடி இறக்கிச் சரிசெய்வர். மிகவும் தேய்ந்ததும் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவர். உதிர்ந்த கிராபைட் தூள் கரைசலோடு சென்று சேற்றில் சேரும். கிராபைட்டைப் பிணைக்கப் பயன்பட்ட கரிக்கீலும் சூடான குளோரினும் சேரும் இடத்தில் குளோரின் ஏறிய ஃபியூரான்கள் என்னும் நிலைத்த நச்சுகள் உருவாகின்றன. 1990களின் தொடக்கத்தில் சுவீடன் ஆய்வாளர்கள் கிராபைட் மின்வாய்ச் சேற்றில் இவற்றை மிகுதியாகக் கண்டனர். அதற்குள் கிராபைட்டின் காலம் முடிந்திருந்தது. ஹென்றி பியர் 1960களில் உருவாக்கிய, ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டேனியம் மின்வாய் அதன் இடத்தைப் பிடித்தது. அது எளிதில் தேயாது. பூச்சு போனால் உற்பத்தியாளரிடமே திருப்பி அனுப்பிப் புதுப்பூச்சு போடலாம். பயன்படுத்திய மின்வாய்க்குத் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருந்தது இந்த ஒன்றில்தான்.

டிரைடன் ஆலையும் கிராசி நாரோஸ் மக்களும்

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டிரைடன் என்னும் ஊரில் ஒரு காகித ஆலை உண்டு. காகிதக் கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும் என்பதால், ஆலையையொட்டி 1962இல் பாதரசக் கலங்கள் நிறுவப்பட்டன. ரீட் காகித நிறுவனத்தின் துணை நிறுவனம் அதை நடத்தியது. 1970 வரை சுமார் 10 டன் பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது.

அன்றைய நம்பிக்கை இது: உலோகப் பாதரசம் கனமானது, நீரில் கரையாதது, ஆற்றின் அடியில் சென்று படிந்துவிடும், அங்கே கிடந்தால் யாருக்கும் கேடில்லை. இந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் சுவீடனின் யென்சனும் யெர்னெலோவும். ஆற்றடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் உலோகப் பாதரசத்தின் சேர்மங்களை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன என்பதை அவர்கள் 1960களின் இறுதியில் ஆய்வகத்தில் காட்டினர். மெத்தில் பாதரசம் உயிர்களின் உடலில் எளிதில் சேர்ந்து தங்கும். சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், அதிலிருந்து உண்பவருக்கும் செறிவு ஏறிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் மக்களைத் தாக்கியது இதே நஞ்சு. ஆனால் அங்கே அசிட்டால்டிஹைடு ஆலையிலிருந்து மெத்தில் பாதரசமாகவே அது கடலில் கலந்தது. ஆகவே எரிசோடா ஆலைகள் தங்களுக்கும் மினமாட்டாவுக்கும் தொடர்பில்லை என்று கருத இடமிருந்தது. சுவீடன் ஆய்வுக்குப் பின் அந்த இடம் இல்லாமல் போயிற்று.

கனடாவில் இதை மீன்களின் வழியே வெளிக்கொணர்ந்தவர் நார்வேயிலிருந்து வந்து மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த நோர்வால்ட் ஃபிம்ரைட். 1970இல் ஒன்டாரியோ அரசு ஆலைகள் ஆற்றில் பாதரசம் விடுவதை நிறுத்த ஆணையிட்டது. வாபிகூன், இங்கிலீஷ் ஆறுகளில் வணிக மீன்பிடிப்பையும் தடைசெய்தது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிராசி நாரோஸ், ஒயிட்டாக் என்னும் இரண்டு குடியிருப்புகளில் அனிஷினாபே பழங்குடியினர் வாழ்கின்றனர். மீன் அவர்களுக்கு மூன்று வேளை உணவு. சுற்றுலா விடுதிகளில் மீன்பிடி வழிகாட்டியாகவும், மீனவராகவும் உழைத்துப் பெற்ற கூலியே அவர்களின் வருமானம். தடை வந்த ஆண்டில் இரண்டும் ஒரே நேரத்தில் போயின. நஞ்சு உடலில் முன்பே ஏறியிருந்தது. 1975இல் குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர் மசாசுமி ஹராடா அங்கு சென்று மக்களைச் சோதித்தார். மினமாட்டாவில் பல்லாண்டு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய அவர், கைகால் மரத்துப் போதல், நடுக்கம், பார்வைப் புலம் குறுகுதல் ஆகிய அதே அறிகுறிகளை இங்கும் கண்டார். கனடிய அரசு அதை மினமாட்டா நோய் என்று ஏற்கத் தயங்கியது. 1985இல் ஓர் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி அமைந்த பாதரச ஊனமுற்றோர் வாரியம், விண்ணப்பித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே உதவித்தொகை வழங்கி வந்தது.

கழிவைச் சேமித்து வைத்தல் என்னும் பொருளுக்கு இந்த ஊரின் கதை இன்னொரு விதத்திலும் முக்கியமானது. ஆற்றில் விடுவது நின்ற பிறகு ஆலைக்குள் இருந்த பாதரசக் கழிவு என்னவாயிற்று? 2016இல் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், 1972இல் உப்பும் பாதரசமும் நிரம்பிய பீப்பாய்களை ஆலைக்கு அருகே ஒரு குழியில் தாமும் உடன் பணிபுரிந்தவர்களும் புதைத்ததாகக் கூறினார். புதைத்து 44 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒருவர் வாய் திறந்ததால் வெளிவந்த செய்தி இது. இந்தச் சர்ச்சையோடு நெடுங்காலப் போராட்டமும் சேர்ந்து, 2017இல் ஆற்றைத் தூய்மைப்படுத்த 8.5 கோடி கனடிய டாலர் தருவதாக ஒன்டாரியோ அரசு உறுதியளித்தது. பாதரசம் விடுவதை நிறுத்த ஆணையிட்டு அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜப்பான் எடுத்த முடிவு

மினமாட்டாவின் நினைவு ஆறாத ஜப்பான் 1973இல் எரிசோடா ஆலைகள் அனைத்தும் பாதரச முறையைக் கைவிட வேண்டும் என்று முடிவு செய்தது. மாற்று முறை முழுமையாகத் தயாராகும் முன்பே எடுத்த முடிவு அது. சில ஆலைகள் முதலில் இடைத்திரை முறைக்கு மாறி, சவ்வு முறை வந்ததும் மீண்டும் ஒருமுறை மாறின, செலவு இரட்டிப்பாயிற்று. ஆனால் அந்த நெருக்கடியே சவ்வுக்கலத்தை வளர்த்தது. சோடியம் அயனியை மட்டும் கடத்தும் ஃபுளூரின் கலந்த பலபடிச் சவ்வைக் கொண்டு 1975இல் நோபேயோக்காவில் அசாஹி நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது. 1986இல் ஜப்பானின் கடைசிப் பாதரசக் கலமும் மூடப்பட்டது. சவ்வுக்கலத்துக்கு மின்சாரமும் குறைவாகவே தேவைப்படுவதால், பிற நாடுகளின் ஆலைகள் சுற்றுச்சூழலை எண்ணி அல்லாமல் மின்கட்டணத்தை எண்ணியே அதற்கு மாறின என்று சொல்வது பிழையாகாது.

இந்தியாவில்

இந்தியாவின் தொடக்ககால எரிசோடாத் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே கிடைக்கவிருந்த நீர்மின்சாரத்தை நம்பி 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1950களின் இறுதியில் தூத்துக்குடி உப்பளங்களை நம்பி, ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்தில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் ஆலை எழுந்தது. கார்வார், கஞ்சம், நாக்தா, கொச்சி என நாட்டின் பல பகுதிகளிலும் பாதரசக் கலங்கள் இயங்கின.

1984ஆம் ஆண்டின் போபால் பேரழிவுக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 1989இல் அபாயகரமான கழிவுகள் குறித்த விதிகளும் வந்தன. 2008, 2016 ஆகிய ஆண்டுகளில் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. எரிசோடா, குளோரின் உற்பத்தியில் வரும் பாதரசச் சேறு இவற்றின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. கழிவை உண்டாக்குபவர் அதை மூடிய கலன்களில், பெயரும் எச்சரிக்கையும் எழுதி ஒட்டி, பொதுவாக 90 நாள்களுக்கு மேற்படாமல் தம் வளாகத்தில் வைத்திருக்கலாம். பிறகு அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே அனுப்புவது என்பதுதான் சிக்கல். விதி வந்தது 1989இல். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய பொது நிலையம் அமைந்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே. இடைப்பட்ட காலத்தில் கழிவெல்லாம் ஆலை வளாகங்களிலேயே தங்கியது. 90 நாள் என்பது சில இடங்களில் ஒரு தலைமுறையாக நீண்டது.

2003இல் மத்திய அரசும் தொழில்துறையும் உடன்பட்ட சாசனத்தில், பாதரசக் கலங்களைப் படிப்படியாக 2012க்குள் கைவிடுவது என்று எழுதப்பட்டது. சாகுபுரம் உட்படப் பெரும்பாலான ஆலைகள் சவ்வு முறைக்கு மாறின.

மெய்ன் மாநிலத்திலிருந்து புறப்பட்ட பாதரசம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பெனோப்ஸ்காட் ஆற்றங்கரையில் உள்ள ஓரிங்டன் ஊரில் 1967 முதல் இயங்கிய ஹோல்ட்ராகெம் ஆலை 2000இல் மூடப்பட்டது. கலங்களில் இருந்து வடித்தெடுத்த பாதரசம் நூறு டன்னுக்கும் மேல். அது ஒரு வணிகரின் கைக்குச் சென்று, அதில் ஒரு பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறியது.

சட்டப்படி அதில் தவறேதும் இல்லை. அபாயகரமான கழிவுகளை எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை 1989இலேயே வந்துவிட்டது. அமெரிக்கா அதில் உறுப்பு நாடாகவில்லை என்பது ஒருபுறம். மறுபுறம், தூய பாதரசம் கழிவே அல்ல, அது விற்பனைச் சரக்கு என்ற விளக்கம் இருந்தது. அதே பாதரசம் சேற்றில் கலந்திருந்தால் கே106. வடித்துக் குடுவையில் அடைத்தால் சரக்கு. எரிசோடா ஆலைகளின் முடிவுக் காலத்தில் எழுந்த தகராறுகள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நடந்தன.

மெய்ன் மாநிலத்துச் சூழலியலாளர்கள் செய்தியை இந்தியாவுக்குத் தெரிவித்தனர். இங்குள்ள சூழல் அமைப்புகளும் துறைமுகத் தொழிலாளர்களும் சரக்கை இறக்கவிட மாட்டோம் என்று எதிர்ப்புக் காட்டினர். 2001 தொடக்கத்தில் கப்பல் சரக்கு வழியிலேயே திருப்பி அனுப்பப்பட்டது.

அதன்பின் சில வாரங்களிலேயே, 2001 மார்ச் 7 அன்று, கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கிடங்கில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் 7 டன்னுக்கும் மேல் கிடப்பதைப் போராட்டக்காரர்கள் வெளிப்படுத்தினர். அவை இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. அந்தத் தொழிற்சாலையின் இயந்திரங்களே 1983இல் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்து கொண்டுவந்து நிறுவப்பட்டவை. இது மின்வாய்க் கழிவு அல்ல. ஆனால் கேள்வி ஒன்றே. இந்தியாவில் இதைச் சுத்திகரிக்க வசதி இல்லை என்ற காரணத்தால், 2003 மே மாதம் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து செல்வ நாட்டுக்கு நச்சுக் கழிவு திரும்பிச் சென்ற அரிய நிகழ்வுகளில் ஒன்று இது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று.

பழைய மின்வாயை வைக்கும் இடம்

பாதரசத்தைப் பாதுகாத்து வைப்பதில் அடிப்படை விதிகள் பழைய காலத்திலிருந்தே தெரிந்தவை. இரும்பு அதில் கரையாது. ஆகவே எஃகுக் குடுவையே கலன். சந்தையில் ஒரு குடுவை என்பது 76 பவுண்டு, அதாவது 34.5 கிலோகிராம்; அளவில் இரண்டரை லிட்டர்தான். அலுமினியமோ பித்தளையோ அருகில் இருக்கக் கூடாது. அவற்றைப் பாதரசம் அரித்துவிடும். கிடங்கின் தரை விரிசலற்றதாக, பூச்சிட்டதாக, சிந்தியது ஒரிடத்தில் வந்து சேரும்படி சரிவுடையதாக இருக்க வேண்டும். மர அலமாரி கூடாது. துளிகள் மரத்தில் ஊறி ஆண்டுக்கணக்கில் ஆவியாகிக் கொண்டிருக்கும். காற்றில் பாதரச அளவை இடைவிடாது பார்க்க வேண்டும். அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமோ மணமோ இல்லை.

இவையெல்லாம் தற்காலிகச் சேமிப்புக்கான விதிகள். நிரந்தரமாக என்ன செய்வது? ஐரோப்பிய ஆலைகள் முதலில் கண்ட வழி, மீந்த பாதரசத்தை ஸ்பெயினின் அல்மாடன் சுரங்க நிறுவனத்திடம் ஒப்படைப்பது. இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகுக்குப் பாதரசம் தந்த சுரங்கம் அது. ஆனால் பாதரசம் அங்கே உறங்கவில்லை. சுரங்கத்தில் புதிதாகத் தோண்டுவதற்குப் பதிலாக மறுபடி விற்கப்பட்டது. அதில் ஒரு பங்கு, தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பாதரசம் பயன்படுத்தும் வளரும் நாடுகளின் சிறு சுரங்கங்களுக்குச் சென்று ஆறுகளில் கலந்திருக்கும் என்ற அச்சமே ஏற்றுமதித் தடைகளுக்கு வழிவகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 மார்ச் முதலும், அமெரிக்கா 2013 சனவரி முதலும் உலோகப் பாதரச ஏற்றுமதியைத் தடைசெய்தன. ஐரோப்பியச் சட்டம், எரிசோடா ஆலைகளிலிருந்து வரும் பாதரசம் எவ்வளவு தூயதாயினும் கழிவே என்றும் வரையறுத்தது. சரக்கா கழிவா என்ற பழைய தகராறு அங்கே அத்தோடு தீர்ந்தது.

தீர்வாக வந்த முறை, பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துப் பாதரச சல்பைடாக மாற்றுவது. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. இயற்கையில் கிடைக்கும் பாதரச சல்பைடைத்தான் நம்மவர் சாதிலிங்கம் என்றனர். அல்மாடனில் தோண்டி எடுத்ததும் அதுவே. நீரில் ஏறத்தாழக் கரையாதது, எளிதில் ஆவியாகாதது. அப்படி மாற்றியதை ஆழமான உப்புச் சுரங்கங்களில் அடுக்கி மூடலாம். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஹெர்ஃபா-நாய்ரோடே என்னும் பழைய பொட்டாசியச் சுரங்கம் 1972 முதல் இத்தகைய கழிவுகளை ஏற்றுவருகிறது.

முறை சரியாக இருந்தும் காவல் தளர்ந்தது. ஜெர்மனியில் பாதரசத்தைச் சல்பைடாக மாற்றும் பணியை ஏற்ற ஒரு நிறுவனம், மாற்றுவதற்காக ஆலைகளிடம் கட்டணமும் பெற்றுக்கொண்டு, நூற்றுக்கணக்கான டன் பாதரசத்தை மாற்றாமலே வெளிநாடுகளுக்கு விற்றது 2014 வாக்கில் தெரியவந்தது. காகிதத்தில் அவை உப்புச் சுரங்கத்துக்குச் சென்றதாக இருந்தன.

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2013 அக்டோபரில் குமமோட்டோவில் கையெழுத்தாகி, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 சூனில் அதை உறுதிசெய்தது. எரிசோடா உற்பத்தியில் பாதரசக் கலங்களுக்கு அது விதித்த கெடு 2025. மூடப்படும் ஆலைகளின் மிகைப் பாதரசத்தை மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தவோ விற்கவோ கூடாது என்பதும் அதன் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆலைகள் 2017 டிசம்பருக்குள் பாதரசக் கலங்களை நிறுத்தின. அப்போது அங்கே சேர்ந்த நீர்மப் பாதரசக் கழிவு சுமார் 6,000 டன் என மதிப்பிடப்பட்டது.

இவையெல்லாம் கலத்துக்குள் இருந்து மீட்கப்பட்ட பாதரசத்தைப் பற்றியவை. பெனோப்ஸ்காட் ஆற்றுக்குள் ஓரிங்டன் ஆலையிலிருந்து கலந்ததில் பெரும்பகுதி, ஆலை தொடங்கிய முதல் நான்கைந்து ஆண்டுகளிலேயே சென்றது. ஆலை மூடப்பட்டு 14 ஆண்டுகள் கழித்து, 2014இல் அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் சிங்கி இறால் பிடிக்க மெய்ன் மாநில அரசு தடை விதித்தது.